வளவில் கிடைத்த ஐந்து காசுகள்: அடையாளம் காண உதவி வேண்டும் (களுதாவளைப் பக்கம்)

வளவுக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்தின் களுதாவளைக்கு அண்மையில், பிரதான வீதிக்கும் கடற்கரைக்கும் இடையில் எங்களுக்கு ஒரு வளவு இருக்கிறது. முன்பு வெற்றிலைத் தோட்டமாக இருந்த இடம். இப்போது தென்னையும் சில மாமரங்களும் நிற்கின்றன. விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்த என் பெரியம்மாவின் மகன் உலோகம் தேடும் கருவியொன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை வளவுக்குள் நடத்திப் பார்த்தபோது, சோடா மூடிகளுக்கும் துருப்பிடித்த ஆணிகளுக்கும் நடுவே, ஒரு முழத்துக்கு உட்பட்ட ஆழத்தில் ஐந்து காசுகள் அகப்பட்டன.

முதலாவது தடித்த செப்புக்காசு. விளிம்பு ஒழுங்காக இல்லை, ஒரு பக்கத்தில் கவட்டைத் தடியைப் போன்ற குறியொன்றும் அதன் மேல் ஓர் எழுத்தும் இருக்கின்றன. இரண்டாவதிலும் அதே குறி உண்டு, ஆனால் காசு மெல்லியது, வட்டமானது, மறுபக்கத்தில் முடி சூட்டிய கேடயம் தெரிகிறது. மூன்றாவது பச்சைக் களிம்பு ஏறியது. ஒரு பக்கத்தில் கோட்டுச் சித்திரம் போல நிற்கும் மனித உருவம், மறுபக்கத்தில் உட்கார்ந்த உருவமும் சில எழுத்துகளும். நான்காவது மிகச் சிறியது, தேய்ந்த முகம் ஒன்று பக்கவாட்டில் தெரிகிறது. ஐந்தாவது பித்தளை நிறமானது. இராமர், சீதை, அனுமன் ஆகியோரின் உருவங்களும் 1818 என்ற ஆண்டும் கிழக்கிந்தியக் கம்பனியின் பெயரும் தெளிவாக உள்ளன. இவை எக்காலத்தவை, பெறுமதி என்ன என்று அறிய விரும்புகிறேன். அண்ணர் இரண்டை ஞாபகமாகக் கனடாவுக்குக் கொண்டுபோகக் கேட்கிறார். அம்மா புளி போட்டு விளக்கித் தருவதாகச் சொல்கிறார்.


தராசுமுனை:

தம்பி, முதலில் புளியைத் தள்ளி வையுங்கள். குத்துவிளக்குக்குப் புளியும் சாம்பலும் சரி. மண்ணுக்குள் கிடந்த செப்புக்காசின் எழுத்து பெரும்பாலும் அந்தப் பச்சைப் படலத்திலேயே தங்கியிருக்கும். புளியில் உள்ள அமிலம் படலத்தைக் கரைத்தெடுத்தால், எழுத்தும் சேர்ந்து போய்விடும், மிஞ்சுவது சிவந்த செப்புத் துண்டு மட்டுமே. பல் தூரிகை, மணல் தாள், பளபளப்பாக்கும் பசை எதுவும் வேண்டாம். பற்றரிக்கு ஊற்றுவதற்கென்று விற்கும் வடித்த நீரை வாங்கி (அமிலத்தை அல்ல, இரண்டும் ஒரே தட்டில் இருக்கும், பார்த்து வாங்குங்கள்) அதில் காசை ஊறவிட்டு, நீரை அடிக்கடி மாற்றுங்கள். கடற்கரை மண்ணின் உப்பு செப்புக்குள் ஊறியிருந்தால், வெளிறிய பச்சை நிறத்தில் தூள் தூளாகக் கொட்டத் தொடங்கும். அது களிம்பு அல்ல, அரிப்பு. தொட்டால் விரலில் ஒட்டும் அந்தத் தூள் எந்தக் காசில் இருக்கிறதோ அதை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், ஈரமில்லாத இடத்தில் தனியே வையுங்கள்.

அடுத்து, அளவுகள். பக்கத்தில் நகை செய்யும் பத்தர் ஒருவரிடம் போய் அவருடைய தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து, கிராமில் இரண்டு தசமத் தானம் வரை எழுதுங்கள். விட்டத்தை மில்லிமீற்றரில் அளவுங்கள். படத்தை நேர் வெளிச்சத்தில் எடுக்க வேண்டாம். காலையில் சன்னலோரம், ஒளி ஒரு பக்கத்திலிருந்து சரிந்து விழும்படி காசை வைத்து, கைப்பேசியை அசையாமல் நிறுத்தி எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களும் நிழலோடு எழுந்து வரும். காசைக் கால்வட்டம் கால்வட்டமாகத் திருப்பி நான்கு திசைகளிலும் எடுங்கள். ஒரு திசையில் மறையும் கோடு இன்னொரு திசையில் வெளிப்படும்.


செப்பேடு:

மூன்றாவது காசைப் பற்றிய விவரணம் எனக்கு யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்தி மன்னர்களின் சேதுக் காசை நினைவூட்டுகிறது. அவற்றிலும் நிற்கும் உருவம் உண்டு, மறுபக்கத்தில் எழுத்து உண்டு. நான்காவது உரோமக் காசாக இருக்க வாய்ப்பு அதிகம். கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளின் சிறிய உரோமச் செப்புக்காசுகள் இலங்கையில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பார்த்து இங்கேயே செய்த உள்ளூர்ப் பிரதிகளும் உள்ளன. கிழக்குக் கரையில் கிடைப்பதில் வியப்பில்லை.


நெறியாளர்:

அடையாளம் காணும் உரையாடல் தொடரட்டும். அதற்கு முன் சட்டம் பற்றி ஒன்று சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டமும், அதைத் திருத்திய 1998ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டமும் இப்போதும் நடைமுறையில் உள்ளன. தொல்பொருளைத் தேடி அகழ்வதற்கு, காணி தன்னுடையதாகவே இருந்தாலும், அனுமதிப்பத்திரம் வேண்டும். கண்டெடுக்கப்படாமல் நிலத்தில் கிடக்கும் தொல்பொருள் அரசின் சொத்து. தற்செயலாகக் கிடைத்ததை அறிவிக்க வேண்டிய கடமையும் உண்டு. கிணறு வெட்டும்போது காசு வருவதும், கருவியைப் பிடித்துக்கொண்டு தேடித் தோண்டுவதும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. புதையல் தோண்டியதாகக் கருவியோடு கைது செய்யப்பட்டோர் பற்றிய செய்திகள் நம் பத்திரிகைகளில் வந்தபடிதான் இருக்கின்றன. ஆகவே இனி அந்த வளவில் கருவியை நடத்த வேண்டாம். ஞாபகமாகக் கனடாவுக்குக் கொண்டுபோவதும் கூடாது. தொல்பொருளை அனுமதிப்பத்திரமின்றி நாட்டைவிட்டு வெளியே எடுத்துச் செல்வது குற்றம், காசு சிறியது என்பதால் விலக்கு எதுவும் இல்லை. கருவி கொண்டு தேடுவது எப்படி, எங்கே என்ற கேள்விகளுக்கு இந்த இழையில் இடமில்லை.


கொடிக்கால்:

நெறியாளர் சொல்வது சட்டப்படி சரி. ஆனால் எங்கள் பகுதி மக்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்பதையும் ஒருவர் சொல்லத்தான் வேண்டும். கிழக்கு மாகாணத்துக்கென்று 2020 யூன் மாதத்தில் அமைக்கப்பட்ட தொல்பொருள் மரபுரிமைச் செயலணியில், தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இருக்கவில்லை என்பது யாவரும் அறிந்த செய்தி. ஒரு காசைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நாளைக்கு வளவில் தொல்பொருள் திணைக்களத்தின் எல்லைக்கல் விழுமோ என்று ஒருவர் அஞ்சினால், அவரைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அந்த அச்சத்தினாலேயே எத்தனையோ காசுகள் தகரப் பேணிக்குள்ளும் பழைய இரும்புக் கடையிலும் முடிந்துபோகின்றன.


நெறியாளர்:

அச்சத்தை மறுக்கவில்லை. அதற்கான பதில் மறைப்பதிலும் பார்க்க எழுத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். படம், நிறை, கிடைத்த இடம், கிடைத்த விதம் ஆகியவற்றைக் குறித்து ஒரு கடிதம் எழுதி, பிரதேச செயலகத்தின் ஊடாகத் தொல்பொருள் திணைக்களத்துக்குக் கொடுத்து, பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பிப்பவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பினால், காசு பற்றிய பதிவு ஒரே மேசையில் அடங்கிப்போகாது. ஒரு காசு கிடைத்தது என்பதற்காக அந்த இடம் நினைவுச்சின்னம் ஆகிவிடாது என்பதையும், அது எப்படி அங்கே வந்திருக்கலாம் என்பதையும் கடிதத்திலேயே எழுதிவையுங்கள்.


வளவுக்காரன்:

கருவி பெட்டிக்குள் போய்விட்டது. அண்ணருக்கும் விடயத்தை விளக்கியிருக்கிறேன், ஏற்றுக்கொண்டார், கொஞ்சம் மனவருத்தம்தான். பத்தரிடம் நிறுத்த அளவுகள் இவை. முதலாவது 12.30 கிராம், 25 மில்லிமீற்றர் அளவில் இருக்கிறது, ஆனால் வட்டம் ஒழுங்கில்லை. இரண்டாவது 2.94 கிராம், 21 மில்லிமீற்றர். மூன்றாவது 3.88 கிராம், 19 மில்லிமீற்றர். நான்காவது 1.12 கிராம், பதின்மூன்றரை மில்லிமீற்றர். ஐந்தாவது பத்துக் கிராமுக்கு மேல், 30 மில்லிமீற்றர். பக்க ஒளியில் எடுத்த படங்களையும் இணைத்திருக்கிறேன். நான்காவதில் முகம் இடப்பக்கம் நோக்கியிருக்கிறது, கூந்தல் பின்னால் கட்டியது போலத் தெரிகிறது. மூன்றாவதை இன்னும் நீரில்தான் வைத்திருக்கிறேன்.


தராசுமுனை:

நன்றி தம்பி, இப்போது பேச இடமிருக்கிறது.

முதலாவதிலும் இரண்டாவதிலும் நீங்கள் கவட்டைத் தடி என்றது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம். பெரிய 'வீ' (V) எழுத்தின் இரண்டு கைகளிலும் 'ஓ'வும் (O) 'சீ'யும் (C) கோத்திருக்கும். ஆனால் இரண்டு காசுகளும் பிறந்த இடங்கள் வேறு. இரண்டாவது ஒல்லாந்திலேயே அச்சிட்டுக் கப்பலில் வந்த டொயிட் காசு. 1726ஆம் ஆண்டிலிருந்து கிட்டத்தட்ட அந்த நூற்றாண்டு முடியும்வரை ஒல்லாந்தின் வெவ்வேறு மாகாணங்கள் இக்காசைக் கம்பனிக்காக அடித்தன. எந்த மாகாணம் என்பதை மறுபக்கத்துக் கேடயம் சொல்லும். உங்கள் படத்தில் கேடயத்தின் கீழ்ப்பாதியில் அலைகளும், அவற்றிலிருந்து அரையுடலோடு எழும் சிங்கமும் தெரிகின்றன. அது சேலாந்து மாகாணம். சிங்கம் முழுதாக நின்றால் ஒல்லாந்து என்றே பெயர்கொண்ட மாகாணம், இரண்டு சிங்கங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நடந்தால் மேற்கு பிரீஸ்லாந்து. ஆண்டு, சின்னத்துக்குக் கீழே இருக்கும். உங்களுடையதில் 17க்குப் பிறகு தேய்ந்துவிட்டது.

முதலாவது இலங்கையிலேயே அடித்தது. 1780களில் கப்பல் வழிக் காசு வரவு குன்றியபோது, கம்பனி இங்கேயே தடித்த செப்பில் ஸ்டைவர் காசுகளை அடிக்கத் தொடங்கியது. ஒரு ஸ்டைவர் நான்கு டொயிட். 48 ஸ்டைவர் ஒரு றிக்ஸ் டொலர், அன்றைய பெரிய பண அலகு. சின்னத்தின் மேலுள்ள எழுத்து அச்சுக்கூடத்தைக் குறிக்கும்: கொழும்புக்குச் 'சீ' (C), காலிக்கு 'ஜீ' (G), யாழ்ப்பாணத்துக்கு 'ஐ' (I), திருகோணமலைக்கு 'ரீ' (T). செப்புக் கோலைத் துண்டாக்கி அடித்தவை போல விளிம்பு கோணலாக இருப்பது இவற்றின் இயல்பு, போலி என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் காசில் 'சீ'யா 'ஜீ'யா என்று இந்தப் படத்தில் பிரிக்க முடியவில்லை. எழுத்தை மட்டும் அருகில் எடுத்து அனுப்புங்கள். மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1638இல் என்றாலும், கிழக்குக் கரை முழுவதும் அவர்களுடைய கைக்கு உறுதியாக வந்தது 1766இல் கண்டி அரசனோடு செய்த உடன்படிக்கைக்குப் பிறகுதான். அந்தக் காலத்துக் கம்பனிச் செப்புக்காசு எங்கள் கடலோர ஊர்களில் கிடைப்பது சாதாரணம். விலையைக் கேட்டீர்கள், இவ்வளவு தேய்ந்த டொயிட்டுக்கு எந்தச் சேகரிப்பாளரும் பெரிதாக எதுவும் கொடுக்கமாட்டார்.

நான்காவதுக்கு வருவோம். செப்பேடு அவர்கள் உரோமம் என்றதற்குக் காரணம் இருக்கிறது: அளவும் நிறையும் பிற்கால உரோமச் சிறுகாசோடு ஒத்துப்போகின்றன. ஆனால் மூன்று விடயங்கள் இடிக்கின்றன. பிற்கால உரோமச் செப்புக்காசில் பேரரசனின் முகம் ஏறத்தாழ எப்போதும் வலப்பக்கம் நோக்கும். இது இடப்பக்கம் நோக்குகிறது. உரோமக் காசின் தகடு கையால் வெட்டியது, ஓரம் உடைந்தும் நெளிந்தும் இருக்கும். இது இயந்திரத்தில் வெட்டிய சரியான வட்டம். கட்டிய கூந்தலைக் காணும்போது சந்தேகம் தீர்கிறது: இது இளம் விக்டோரியா மகாராணி, காசு கால் பார்திங். ஒரு பென்சின் பதினாறில் ஒரு பங்கு. இலங்கையின் பாவனைக்கென்றே 1839, 1851, 1852, 1853 ஆகிய ஆண்டுகளில் பிரித்தானியாவில் அடித்தார்கள். விட்டம் பதின்மூன்றரை மில்லிமீற்றர். மறுபக்கத்தில் முடியும் பெறுமதியும் ஆண்டும் இருக்க வேண்டும், ஒளியைச் சரித்துப் பாருங்கள்.

ஒரு பக்கக் குறிப்பு. 1825இல் இலங்கையில் பிரித்தானியப் பணம் செல்லுபடியானபோது பழைய றிக்ஸ் டொலரை ஒன்றரைச் சிலிங்காக, அதாவது பதினெட்டுப் பென்சாகக் கணக்கிட்டார்கள். அதன் பன்னிரண்டில் ஒன்றான, 'பணம்' என்றே பெயர்கொண்ட அலகு அப்போது ஒன்றரைப் பென்சு ஆயிற்று. ஒன்றரைப் பென்சு என்ற விசித்திரமான வெள்ளிக்காசு பிரித்தானியருக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு விடை அதுதான். நம் ஊர்க் கடைகளில் மக்கள் அந்தப் 'பண'த்திலும் அதன் சிறு பகுதிகளிலும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அரசாங்கம் அதற்கேற்பக் காசை வெட்ட வேண்டியதாயிற்று.


பொத்துவில் நானா:

ஐந்தாவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். அது காசே அல்ல. கிழக்கிந்தியக் கம்பனி இராமர், அனுமன் உருவம் பொறித்த அணாவை 1818இலோ வேறு எந்த ஆண்டிலோ அடிக்கவில்லை. 1616, 1717, 1818 என்று அழகான ஆண்டுகளோடு இந்தியாவில் பிற்காலத்தில் செய்து விற்ற வில்லைகள் இவை. கோயில் வாசலிலும் சந்தையிலும் கிடைக்கும். உண்மையான கம்பனிக் காசு வேண்டுமென்றால் சென்னை மாகாணத்துக்கென்று 1808இல் அடித்த பத்துக் காசு, இருபது காசு நாணயங்களைப் பாருங்கள்: ஒரு பக்கம் கம்பனியின் கேடயம், மறுபக்கம் பாரசீக எழுத்து. சாமி படம் எதுவும் அதில் இராது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த வில்லையைக் காட்டித்தான் 'அரிசி இழுக்கும் காசு', 'இரிடியம் ஏறிய காசு' என்று கோடிக்கணக்கில் பேரம் பேசும் கூட்டம் திரிகிறது. வலம்புரிச் சங்கு, நாகமாணிக்கம் என்று முன்பு வந்தவர்களின் வழியில் வந்தவர்கள்தான். சோதனைக்கு முற்பணம் கேட்பார்கள், பிறகு ஆளைக் காண முடியாது. உங்கள் படத்தைப் பார்த்து எவராவது தனிமடலில் பெரிய விலை சொன்னால் பதில் எழுத வேண்டாம், வளவுக்காரன் தம்பி.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி காட்டப்படும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: யானை பொறித்த தடித்த செப்புக்காசு. 1800களின் தொடக்கத்தில் பிரித்தானிய அரசாங்கம் இங்கே அடித்தது. ஒரு பக்கத்தில் 12, 24, 48 என்று ஓர் எண் இருக்கும். 48 என்று இருப்பதைப் பெரிய காசென்று வைத்திருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அது றிக்ஸ் டொலரின் 48இல் ஒரு பங்கு, மூன்றிலும் மிகச் சிறியது. கையில் வைத்துப் பார்த்தாலே 12 என்ற காசின் பாரம் உண்மையைச் சொல்லிவிடும்.


செப்பேடு:

நான்காவது பற்றிய விளக்கம் திருப்தியளிக்கிறது. மூன்றாவதைச் சேதுக் காசு என்ற எண்ணத்தை நான் இன்னும் முழுவதுமாக விடவில்லை. நிற்கும் உருவத்தின் இரு பக்கமும் விளக்கு போன்ற கோடுகள் தெரிகின்றனவே.


தராசுமுனை:

விளக்கு இரண்டு மரபுகளிலும் வரும். அதை வைத்துப் பிரிக்க முடியாது. பிரிக்கும் பக்கம் மறுபக்கம். சேதுக் காசில் அங்கே படுத்த நந்தியும் மேலே பிறையும் கீழே தமிழில் 'சேது' என்ற சொல்லும் இருக்கும். இதில் நந்தி இல்லை. உட்கார்ந்த மனித உருவமும், அதன் இடது கைக்குக் கீழே மேலிருந்து கீழாக அடுக்கிய எழுத்துகளும் இருக்கின்றன. அந்த எழுத்து தமிழ் அல்ல, நாகரி.

இந்த அமைப்பை இலங்கைக்குப் பரவலாகக் கொண்டுவந்தவை முதலாம் இராசராசனின் (985–1014) செப்புக்காசுகள். சோழர் 993 அளவில் இலங்கையின் வடபகுதியைக் கைப்பற்றிப் பொலன்னறுவையை ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்டார்கள். 1070 அளவில் சிங்கள அரசன் விஜயபாகு அவர்களை வெளியேற்றிய பிறகும் காசின் உருவம் வெளியேறவில்லை. பின்வந்த ஆட்சியாளர்களான பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், லீலாவதி, சாகசமல்லன் முதலியோர் அதே நிற்கும் உருவத்தையும் அதே அமர்ந்த உருவத்தையும் வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் மாற்றி மஸ்ஸ எனப்படும் செப்புக்காசை அடித்தார்கள். அதனால் உருவத்தைப் பார்த்து அரசனைச் சொல்ல முடியாது. எல்லாமே நாலு கிராமை ஒட்டி நிற்பதால் தராசும் இங்கே கைவிட்டுவிடும். எழுத்து ஒன்றே வழி.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. இராசராசனின் காசில் 'ஸ்ரீ ராஜ ராஜ' என்று இருக்கும். லீலாவதியின் காசில் 'ஸ்ரீ ராஜ லீலாவதி' என்று இருக்கும். தேய்ந்த காசில் முதல் மூன்று எழுத்துகள் மட்டும் தெரிந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். எழுத்து தொடங்கியவுடனேயே இராசராசன் என்று முடிவுகட்டுபவர்கள் பலர். 'ஜ'வுக்கு அடுத்து மறுபடியும் 'ரா' வருகிறதா, அல்லது இடப்பக்கம் இரண்டு வளைவும் வலப்பக்கம் ஒரு நேர்கோடும் கொண்ட நாகரி 'ல' வருகிறதா என்று பாருங்கள்.


கொடிக்கால்:

13ஆம் நூற்றாண்டில் கலிங்க மாகன் இந்தப் பகுதியை ஆண்டதாக நம் மரபுக் கதைகள் சொல்கின்றன. கொக்கட்டிச்சோலைக் கோயிலோடும் அவனைத் தொடர்புபடுத்துவார்கள். அவனுடைய காசாக இருக்க இடமில்லையா?


தராசுமுனை:

மரபுக் கதையில் எனக்கும் ஈடுபாடு உண்டு, ஆனால் காசில் எழுதியிருப்பதைத்தான் வாசிக்க முடியும்.


வண்டல்:

இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். காசுகளைப் பற்றி நன்றாகப் பேசுகிறீர்கள். மண்ணைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் நில அளவையோடு தொடர்புடைய வேலையில் இருந்தவன் என்பதால் கேட்கிறேன்.

12ஆம் நூற்றாண்டை ஒட்டிய காசும் 18ஆம் நூற்றாண்டுக் காசும் 19ஆம் நூற்றாண்டுக் காசும் பிற்கால வில்லையும் ஒரே முழத்துக்குள் கிடந்தன என்றால், அந்த மண் கலங்கிய மண். எங்கள் கரையோர மணலில் ஆழம் காலத்தைச் சொல்லாது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மரங்களை வேரோடு பிடுங்கியபோது ஒவ்வொரு வேரும் தன்னோடு குழி நிறைய மண்ணைப் புரட்டியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமி சில இடங்களில் மணலை அரித்துக்கொண்டு போய், வேறு இடங்களில் கொண்டுவந்து பரப்பியது. தென்னம்பிள்ளைக்குக் குழி வெட்டியதும், வீட்டுக்கு அத்திவாரம் தோண்டியதும் சேர்ந்தால் மேலுள்ளது கீழும் கீழுள்ளது மேலும் போய்விடும்.

அதைவிட முக்கியமான கேள்வி: அந்த வளவுக்கு வெளியிலிருந்து மண் வந்ததா? வெற்றிலைத் தோட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். வெற்றிலை வெறும் கடற்கரை மணலில் செழிக்காது. யாரோ நல்ல மண்ணைக் கொண்டுவந்து மேடை போட்டிருக்க வேண்டும். எந்தக் காசு எந்த இடத்தில் கிடைத்தது, அந்த இடத்தின் மண் என்ன நிறம் என்று சொல்லுங்கள். வீட்டு வேலைக்கென்று பறித்த ஆற்று மணலிலும், வளவை உயர்த்தப் போட்ட கிரவலிலும் காசு வந்த கதைகள் உண்டு. அப்படி வந்த காசு, அது கிடைத்த ஊரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.


வளவுக்காரன்:

வண்டல் ஐயா கேட்ட பிறகுதான் அம்மாவிடம் விசாரித்தேன். அப்பப்பா காலத்தில் வெற்றிலைப் பாத்திகளுக்கென்று படுவான்கரையிலுள்ள ஒரு குளத்தின் அடிமண்ணை, குளம் வற்றிய காலத்தில் வெட்டி, வாவியைத் தோணியில் கடந்து, இந்தக் கரையில் மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தப் பாத்திகள் வளவின் மேற்குப் பக்கத்தில் இருந்தன. மூன்றாவது காசு அங்கேதான் கிடைத்தது. அந்த இடத்து மண் இப்போதும் கறுப்பாக, கையில் உருட்டினால் திரளும்படியாக இருக்கிறது. மற்ற நான்கும் கிழக்குப் பக்கத்து வெள்ளை மணலில், பழைய கிணற்றைச் சுற்றி வந்தவை.

மூன்றாவதை நீரிலிருந்து எடுத்து, நிழலில் உலர்த்தி, காலை ஒளியில் நான்கு திசையிலும் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். முதலாவதின் எழுத்தையும் அருகில் எடுத்திருக்கிறேன். நான்காவதின் மறுபக்கத்தில் முடியின் கீழ்ப்பகுதியும் 185 வரையான இலக்கங்களும் தெரிகின்றன.


வண்டல்:

அப்படியானால் ஐந்தையும் ஒரு கண்டெடுப்பு என்று எழுதாதீர்கள். நான்கு ஒரு பக்கம், மூன்றாவது தனி. அதன் உண்மையான முகவரி களுதாவளை அல்ல, வாவிக்கு அக்கரையில் உள்ள அந்தக் குளம். குளத்தின் பெயர் தெரிந்த வயதானவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குளக்கட்டும் பழைய வாய்க்காலும் இருந்த இடத்தில் பொலன்னறுவைக் காலத்துக் காசு கிடைப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. அது தெரியாமல் காசை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் பாதி செய்தி போய்விடும்.


செப்பேடு:

புதிய படங்களில் இரண்டாவது படம், ஒளி வலப்பக்கத்திலிருந்து விழுவது, மிகத் தெளிவு. அமர்ந்த உருவத்தின் கைக்குக் கீழே 'ஸ்ரீ', அதற்கடுத்து 'ரா', 'ஜ'. அதன்பின் வரும் எழுத்தில் இடப்பக்கம் இரண்டு வளைவு, வலப்பக்கம் நேர்கோடு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு நேர்கோடு. 'லீ' என்றே வாசிக்கிறேன். அதற்குப் பிறகுள்ளவை விளிம்பில் தேய்ந்துவிட்டன, ஆனால் இராசராசனுக்கு இங்கே இடமில்லை.


தராசுமுனை:

நானும் அப்படியே வாசிக்கிறேன். லீலாவதி, முதலாம் பராக்கிரமபாகுவின் அரசி. 1197க்கும் 1212க்கும் இடையில் மூன்று முறை அரியணையில் அமர்த்தப்பட்டு, மூன்று முறையும் இறக்கப்பட்டவர். படைத்தலைவர்கள் ஆட்சியை நடத்த, பெயர் இவருடையதாக இருந்தது. அரசியின் பெயரில் அடித்த காசிலும் முன்பக்கத்தில் நிற்பது அதே பழைய அரச உருவம்தான் என்பதைப் பாருங்கள். பெண் ஆட்சிக்கு வந்தபோது அச்சை மாற்ற எவரும் மெனக்கெடவில்லை. இவருடைய எந்த ஆட்சிக் காலத்தில் அடித்தது என்று காசை வைத்துச் சொல்ல முடியாது. தம்பி, கடிதத்தில் 'லீலாவதியின் செப்பு மஸ்ஸ, எழுத்தின் பிற்பகுதி தேய்ந்தது' என்று எழுதுங்கள், அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம். பெறுமதியைப் பற்றிக் கேட்டால், இவ்வகைக் காசு அரிதல்ல, கொழும்பு அருங்காட்சியகத்திலும் தனியார் சேகரிப்புகளிலும் நிறைய உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எங்கே கிடைத்தது என்ற குறிப்பு இராது, உங்களுடையதற்கு ஒரு குளம் இருக்கிறது.


வளவுக்காரன்:

குளத்தின் பெயரைப் பெரியப்பாவிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். இங்கே போடவில்லை, நாளைக்கு யாரும் கருவியோடு போய் நிற்கக் கூடாது. ஒவ்வொரு காசையும் தனித்தனிக் கடித உறையில் இட்டு, நிறையையும் இடத்தையும் மேலே எழுதியிருக்கிறேன். நெறியாளர் சொன்னபடி, கருவியால் கிடைத்தது என்பதையும் மறைக்காமல் எழுதிய கடிதத்தைப் பிரதேச செயலகத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கியாயிற்று. பல்கலைக்கழகத்துக்கான பிரதி தபாலில் போய்விட்டது. இராமர் வில்லையை அம்மா சாமித் தட்டில் வைத்துவிட்டார். இன்னும் தீராமல் இருப்பது முதலாவது காசின் எழுத்து மட்டும்: கொழும்பா, காலியா?


பொத்துவில் நானா:

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வளைவின் வாய்க்குள் உள்நோக்கிய சிறு குறுக்குக் கோடு இருக்கிறது, களிம்பு அல்ல, அச்சோடு எழுந்த கோடு. 'ஜீ'. காலியில் அடித்தது.


தராசுமுனை:

எனக்கும் 'ஜீ' என்றுதான் தெரிகிறது. ஆண்டில் கடைசி இலக்கம் தெரியாவிட்டால் கடிதத்தின் பின்னிணைப்பில் '178' என்று எழுதி அடுத்த இடத்தை வெறுமையாக விடுங்கள்.